ஆங்கில வினைகளில் நிகழ்காலமும் இறந்தகாலமும்: தமிழ் அறிந்தவர் அமைக்கும் முறை

ஆங்கில இலக்கண வகுப்புகளில் காலங்களைக் கற்பிக்கத் தொடங்கும்போது, 12 கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று பெரும்பாலும் முதல் நாளே பலகையில் எழுதப்பட்டுவிடுகிறது. மாணவர் அதை முழுமையாக மனப்பாடம் செய்தாலும், 'நேற்று நீ ஏன் வரவில்லை' என்று ஒருவரைக் கேட்க வேண்டிய நேரத்தில் எந்தக் கட்டத்தை எடுப்பது என்று திகைத்து நிற்கிறார். அன்றாடப் பேச்சுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலுமாக ஐந்து வடிவங்கள் போதுமானவை. அந்த ஐந்தையும் தமிழ் வினைகளில் நாம் ஏற்கெனவே கையாளும் வேறுபாடுகளிலிருந்தே சென்றடைய முடியும். சில இடங்களில் தமிழ் நேராக வழிகாட்டும். சில இடங்களில் தவறான பக்கம் இழுத்துச் செல்லும். இரண்டையும் பிரித்தறிவதே இங்கு செய்ய வேண்டிய வேலை.

காலம் எங்கே நிற்கிறது

'செய்தேன்' என்ற சொல்லைப் பகுத்தால் 'செய்' என்பது பகுதி, 'த்' என்பது இறந்தகாலம் காட்டும் இடைநிலை, 'ஏன்' என்பது தன்மை ஒருமை விகுதி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். யார் செய்தார் என்பதை விகுதியே சொல்லிவிடுவதால் 'நான்' என்ற எழுவாயை நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். ஆங்கில வினையில் அத்தகைய விகுதி ஏறத்தாழ இல்லை. ஆகவே 'ஐ', 'யூ', 'ஹி', 'ஷி', 'இட்', 'வீ', 'தே' ஆகியவற்றுள் ஒன்றோ ஒரு பெயரோ வினைக்கு முன் நின்றே ஆக வேண்டும். 'மழை பெய்கிறது' என்பதற்குக்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்று பொருளற்ற ஓர் 'இட்'டைச் சேர்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இதைவிட முக்கியமான வேறுபாடு கூட்டு வினைகளில் இருக்கிறது. 'செய்துகொண்டிருக்கிறேன்', 'செய்துகொண்டிருந்தேன்' ஆகிய இரண்டையும் ஒப்பிட்டால், முன்பகுதி மாறாமல் நிற்க, கடைசியில் உள்ள 'இரு' என்னும் வினை மட்டும் காலத்தை ஏற்று மாறுகிறது. ஆங்கிலத்தில் இவை முறையே 'ஐ ஆம் டூயிங்', 'ஐ வாஸ் டூயிங்' என்று வரும். இங்கே பின்பகுதி மாறாமல் நிற்க, முதலில் உள்ள 'ஆம்' மட்டும் 'வாஸ்' ஆகிறது. 'செய்திருக்கிறேன்', 'செய்திருந்தேன்' என்பவை 'ஐ ஹேவ் டன்', 'ஐ ஹேட் டன்' ஆகும்போதும் அதே நிலைதான். தமிழ் காலத்தைக் கடைசி வினையில் வைக்கிறது. ஆங்கிலம் முதல் வினையில் வைக்கிறது. முதல் வினை காலத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, அதே கூட்டில் பின்னால் வரும் எந்த வினையும் காலத்தை மீண்டும் ஏற்காது. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால், நாம் அடிக்கடி கேட்கும் 'டிட் யூ வென்ட்', 'ஹி டஸ் நாட் கோஸ்' போன்ற பிழைகளின் காரணம் உடனே விளங்கும். அவற்றில் காலம் இருமுறை குறிக்கப்பட்டிருக்கிறது.

'இருத்தல்' வினை

'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் வினையே இல்லாத முழுமையான தொடர். ஆங்கிலத்தில் வினையில்லாத தொடர் நில்லாது. 'ஹி இஸ் எ டீச்சர்' என்றே சொல்ல வேண்டும். நிகழ்காலத்தில் 'ஐ' என்பதோடு 'ஆம்', ஒருமைப் படர்க்கையோடு 'இஸ்', மற்றவற்றோடு 'ஆர்' வரும். இறந்தகாலத்தில் 'ஐ', 'ஹி', 'ஷி', 'இட்' ஆகியவற்றோடு 'வாஸ்', மற்றவற்றோடு 'வேர்' வரும். எதிர்மறைக்கு இவற்றின் பின் 'நாட்' சேர்த்தால் போதும். வினாவுக்கு இவற்றை எழுவாயின் முன்னால் கொண்டுவந்தால் போதும். வேறு துணை தேவையில்லை.

வழக்கத்தைச் சொல்லும் நிகழ்காலம்

'நான் காலையில் தேநீர் குடிப்பேன்', 'அவர் தினமும் நடைப்பயிற்சி போவார்' என்று நாம் சொல்லும்போது வினை வடிவம் எதிர்காலத்தில் இருக்கிறது. பொருளோ வழக்கத்தைக் குறிக்கிறது. இதை அப்படியே பெயர்த்து 'ஐ வில் டிரிங்க் டீ இன் தி மார்னிங்' என்று சொன்னால், கேட்பவர் நாளைக் காலைத் திட்டத்தைச் சொல்வதாக எண்ணக்கூடும். வழக்கமாக நிகழ்வதை ஆங்கிலம் சாதாரண நிகழ்காலத்தில் சொல்கிறது: 'ஐ டிரிங்க் டீ இன் தி மார்னிங்', 'ஹி கோஸ் ஃபார் எ வாக் எவ்ரி டே'. ஆகவே தமிழில் 'வேன்', 'வார்', 'பேன்', 'பார்' என்று முடியும் வினையைக் கண்டால், அது நாளை நடக்கப்போவதா, நாள்தோறும் நடப்பதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். 'சூரியன் கிழக்கில் உதிக்கும்' போன்ற பொது உண்மைகளும் இதே வடிவத்தில்தான் வரும்: 'தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்'.

அமைக்கும் முறை எளிது. எல்லா எழுவாய்களோடும் வினையின் அடிவடிவமே வரும். ஒருமைப் படர்க்கையோடு மட்டும் 'எஸ்' சேரும். பெயர்ச்சொல்லில் சேர்ந்தால் பன்மையைக் காட்டும் இதே எழுத்து, வினையில் சேர்ந்தால் ஒருமையைக் காட்டுவது தொடக்கத்தில் குழப்பம் தரும். நமக்கு இன்னொரு தடையும் உண்டு. 'அப்பா வருகிறார்', 'அமைச்சர் பேசுகிறார்' என்று மரியாதைக்காக 'ஆர்' விகுதியைப் பயன்படுத்திப் பழகியவர்கள், பெரியவர்களைப் பற்றி ஒருமையில் பேசத் தயங்குகிறார்கள். ஆங்கிலத்தில் படர்க்கைக்கு மரியாதைப் பன்மை கிடையாது. நாட்டின் குடியரசுத் தலைவரே ஆனாலும் 'ஹி ஸ்பீக்ஸ்' அல்லது 'ஷி ஸ்பீக்ஸ்' தான்.

எழுதும்போது சில நுணுக்கங்கள் உள்ளன. 'வாட்ச்', 'வாஷ்', 'பாஸ்' போல மூச்சு உரசும் ஒலியில் முடியும் வினைகளோடும், 'கோ', 'டூ' ஆகியவற்றோடும் 'இ', 'எஸ்' என்னும் இரண்டெழுத்துகள் சேரும். 'ஸ்டடி', 'கேரி' போல மெய்யெழுத்தை அடுத்து 'ஒய்' வந்து முடிந்தால், அந்த 'ஒய்' மறைந்து 'ஐ', 'இ', 'எஸ்' என்பவை வரும்; 'பிளே' போல 'ஒய்'க்கு முன் உயிரெழுத்து இருந்தால் மாற்றமில்லை. 'ஹேவ்' மட்டும் 'ஹேஸ்' ஆகும்.

எதிர்மறையிலும் வினாவிலும் 'டூ' என்ற துணைவினை வந்து காலத்தை ஏற்றுக்கொள்கிறது. 'அவர் இறைச்சி சாப்பிடுவதில்லை' என்பது 'ஹி டஸ் நாட் ஈட் மீட்'. இங்கே 'எஸ்' ஒலி 'டஸ்' என்பதற்குப் போய்விட்டதால் 'ஈட்' வெறுமனே நிற்கிறது. 'டஸ் ஷி வர்க் ஹியர்', 'டூ தே நோ' என்று வினாவும் இவ்வாறே அமையும். 'ஹி டோன்ட் நோ' என்பது சில பேச்சு வழக்குகளிலும் பாடல்களிலும் கேட்கக் கிடைத்தாலும், எழுத்திலும் நேர்காணலிலும் அது பிழையாகவே கொள்ளப்படும்.

இப்போது நடப்பதைச் சொல்லும் நிகழ்காலம்

'படிக்கிறேன்' என்ற ஒரே சொல் தமிழில் இருவேறு வேலைகளைச் செய்கிறது. 'கல்லூரியில் படிக்கிறேன்' என்றும் சொல்கிறோம். 'தொந்தரவு செய்யாதே, படிக்கிறேன்' என்றும் சொல்கிறோம். எந்த இடத்தில் 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று விரித்துச் சொல்ல முடிகிறதோ, அங்கே ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஸ்டடியிங்' என்ற தொடர் வடிவம் பொருந்தும். 'ஆம்', 'இஸ்', 'ஆர்' ஆகியவற்றுள் ஒன்றோடு 'இங்' சேர்ந்த வினை வரவேண்டும். சில காலத்துக்கு மட்டும் தற்காலிகமாக நடப்பதற்கும் இதுவே ஏற்றது என்பதால், கல்லூரிப் படிப்பைச் சொல்லும்போதும் 'ஐ ஆம் ஸ்டடியிங் காமர்ஸ்' எனலாம்.

இந்த வடிவத்தைத் தேவைக்கு மீறிப் பயன்படுத்துவதே நம்மிடம் மிகுதியாகக் காணப்படும் பழக்கம். 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்' ஆகியவை இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களாகவே ஆகிவிட்டன. செயலைக் குறிக்காமல் நிலையைக் குறிக்கும் வினைகள் தொடர் வடிவத்தைப் பொதுவாக ஏற்பதில்லை என்று இலக்கணம் சொல்கிறது. எவை நிலை வினைகள் என்பதைக் கண்டறிய நீண்ட பட்டியல் வேண்டியதில்லை. தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. தமிழில் 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்கும் தொடர்களைப் பாருங்கள்: எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்கு நினைவிருக்கிறது, எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். இவற்றின் ஆங்கில வினைகளான 'நோ', 'அண்டர்ஸ்டாண்ட்', 'லைக்', 'வான்ட்', 'ரிமெம்பர்', உடைமைப் பொருளில் வரும் 'ஹேவ்' ஆகியவை அனைத்தும் சாதாரண நிகழ்காலத்திலேயே வரும். சோதனை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 'நம்புகிறேன்' என்பது 'நான்' என்றே தொடங்கினாலும் 'ஐ பிலீவ்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் பெரும்பாலான பிழைகளை இது தடுத்துவிடும்.

இறந்தகாலம்

முடிந்துபோன நேரத்தில் நடந்ததைச் சொல்வதற்கு ஆங்கிலத்தின் சாதாரண இறந்தகாலம் போதும். எழுவாய் எதுவாயினும் வடிவம் ஒன்றே. 'எஸ்' சேர்க்கும் சிக்கலும் இங்கே இல்லை. ஒழுங்கான வினைகளில் எழுத்தில் 'இ', 'டி' சேரும். 'ஸ்டடி'யின் 'ஒய்' இங்கும் 'ஐ' ஆகும். 'ஸ்டாப்', 'பிளான்' போல ஓரசையாக இருந்து, ஒற்றை உயிரெழுத்தை அடுத்து ஒற்றை மெய்யெழுத்தில் முடியும் வினைகளில் அந்த இறுதி மெய்யெழுத்து பொதுவாக இரட்டிக்கும்.

எழுத்தில் ஒன்றாகத் தெரியும் இந்த விகுதி ஒலியில் மூன்றாகப் பிரிகிறது. செய்தான், கண்டான், சென்றான், பாடினான் என்று தமிழில் இறந்தகால இடைநிலை பகுதிக்கு ஏற்ப வேறுபடுவதைப் பழகியவர்களுக்கு இது புதுமையாக இராது. 'வாக்', 'ஹெல்ப்', 'வாஷ்' போலத் தொண்டை அதிராத ஒலியில் முடிபவை 'வாக்ட்', 'ஹெல்ப்ட்', 'வாஷ்ட்' ஆகும். இங்குள்ள இறுதி ஒலி 'கட்டு' என்பதில் வரும் டகர ஒலியை ஒத்தது. 'பிளே', 'கால்', 'லிவ்' போலத் தொண்டை அதிரும் ஒலியில் முடிபவற்றின் இறுதியில் வருவது 'நாடு' என்பதில் உள்ள மெல்லிய டகர ஒலி. 'வான்ட்', 'நீட்', 'ஸ்டார்ட்' போல ஏற்கெனவே டகர ஒலியில் முடிபவை மட்டுமே 'வான்டட்', 'நீடட்', 'ஸ்டார்டட்' என்று ஓர் அசை கூடுதலாகப் பெறும். எழுத்தைப் பார்த்து 'வாக்கெட்', 'ஹெல்பெட்' என்று படிப்பது நம் வகுப்பறைகளில் பரவலாக உள்ள பழக்கம். இந்த மூன்றாவது வகையின் விதியை எல்லா வினைகளுக்கும் நீட்டியதே அதன் மூலம்.

ஒழுங்கற்ற வினைகள் ஏறத்தாழ 200 இருக்கும். அவற்றுள் அன்றாடம் வருபவை அதில் பாதியளவே. அகர வரிசையில் மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒலி ஒற்றுமையால் குழுவாக்கிப் படிப்பது நினைவில் நிற்கும். 'கட்', 'புட்', 'ஹிட்', 'ஷட்', 'லெட்' ஆகியவை மாறுவதே இல்லை. 'கீப்', 'ஸ்லீப்', 'மீட்', 'ஃபீல்' ஆகியவற்றில் நெடில் குறிலாகி 'கெப்ட்', 'ஸ்லெப்ட்', 'மெட்', 'ஃபெல்ட்' ஆகும். 'பை', 'பிரிங்', 'திங்க்', 'கேட்ச்', 'டீச்' ஆகியவை 'பாட்', 'பிராட்', 'தாட்', 'காட்', 'டாட்' என்று ஒரே ஓசையில் முடியும். 'டிரிங்க், டிரேங்க், டிரங்க்', 'பிகின், பிகேன், பிகன்' என்று உயிரொலி இருமுறை மாறும் குழுவும், 'ரைட், ரோட், ரிட்டன்', 'ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன்' என்று மூன்றாம் வடிவத்தில் னகரம் பெறும் குழுவும் உண்டு. மூன்றாம் வடிவம் எதற்கு என்பதைப் பின்னர் காண்போம். 'ரீட்' என்பது எழுத்து மாறாமல் ஒலியில் மட்டும் 'ரெட்' ஆகும். 'கோ' என்பதன் இறந்தகாலமான 'வென்ட்', உண்மையில் வேறொரு பழைய வினையிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்டது. ஆகவே அதில் ஒழுங்கைத் தேடிப் பயனில்லை. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: ஆங்கிலத்தில் புதிதாகப் பிறக்கும் வினைகள் ஏறத்தாழ எல்லாமே ஒழுங்கானவை. 'கூகுள்' என்பதை வினையாக்கினாலும் அது 'கூகுள்ட்' தான்.

எதிர்மறையிலும் வினாவிலும் 'டிட்' காலத்தை ஏற்கும். முதன்மை வினை அடிவடிவத்துக்குத் திரும்பிவிடும். 'ஐ வென்ட்', 'ஐ டிட் நாட் கோ', 'டிட் யூ கோ' ஆகிய மூன்றையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது. தொடக்கத்தில் குறிப்பிட்ட 'நேற்று நீ ஏன் வரவில்லை' என்பது 'வை டிட் நாட் யூ' என்று தொடங்காது. பேச்சில் 'வை டிடன்ட் யூ கம் யெஸ்டர்டே' என்றே வரும்.

இந்த எதிர்மறையில்தான் தமிழ் நம்மை மிகவும் ஏமாற்றுகிறது. 'இல்லை' என்று முடியும் வினையில் காலமும் இல்லை, எண்ணும் இடமும் இல்லை. 'நேற்று அவர் வரவில்லை' என்பது 'ஹி டிட் நாட் கம் யெஸ்டர்டே'. 'அவர் இன்னும் வரவில்லை' என்பது 'ஹி ஹேஸ் நாட் கம் யெட்'. சன்னல் வழியே பார்த்து 'மழை பெய்யவில்லை' என்றால் 'இட் இஸ் நாட் ரெய்னிங்'. 'நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை' என்பதோ 'ஐ டூ நாட் அண்டர்ஸ்டாண்ட்'. ஒரே தமிழ் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் நான்கு வடிவங்கள் வருவதைக் கவனியுங்கள். 'இல்லை' என்ற எதிர்மறையை நேரே பெயர்க்க முயலாமல், அதன் உடன்பாட்டை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 'வந்தாரா', 'வந்துவிட்டாரா', 'பெய்துகொண்டிருக்கிறதா', 'புரிகிறதா' என்று உடன்பாட்டில் வினவினால் காலம் வெளிப்பட்டுவிடும். அதற்குரிய துணைவினையோடு 'நாட்' சேர்ப்பது மட்டுமே மீதி.

'செய்துகொண்டிருந்தேன்' என்பதற்கு 'வாஸ்' அல்லது 'வேர்' என்பதோடு 'இங்' வடிவம் வரும். ஒரு நீண்ட செயலின் நடுவே ஒரு சிறிய செயல் குறுக்கிடும்போது இது பெரிதும் பயன்படும்: 'ஐ வாஸ் குக்கிங் வென் தி ஃபோன் ராங்'. நீண்டதற்குத் தொடர் வடிவம், குறுக்கிட்டதற்குச் சாதாரண இறந்தகாலம். பழைய வழக்கங்களுக்கு, அதாவது 'சிறு வயதில் ஆற்றில் குளிப்போம்' போன்றவற்றுக்கு, 'வீ யூஸ்ட் டு பேத் இன் தி ரிவர்' என்ற அமைப்பு உண்டு. இதை நிகழ்கால வழக்கத்துக்குப் பயன்படுத்திவிடக் கூடாது.

இரண்டு காலங்களையும் இணைக்கும் வடிவம்

'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்து வருவது பெயரளவில் நிகழ்காலமே. செயல் முன்பு நடந்தது. அதன் விளைவு இப்போது நிற்கிறது. தமிழின் 'வந்திருக்கிறேன்' என்பதிலும் 'இருக்கிறேன்' என்ற நிகழ்காலமே முடிவில் நிற்பதால், 'ஐ ஹேவ் கம்' என்பதன் உட்பொருளைத் தமிழர் எளிதில் உணரலாம். 'சாப்பிட்டுவிட்டேன்' போன்ற 'விட்டேன்' வடிவங்களும், நேரம் குறிப்பிடப்படாதபோது, பெரும்பாலும் இங்கேயே வரும்: 'ஐ ஹேவ் ஈட்டன்'. அமெரிக்க வழக்கில் இத்தகைய இடங்களில் சாதாரண இறந்தகாலமும் தாராளமாகக் கேட்கப்படுகிறது.

முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொல் வந்துவிட்டால் இந்த வடிவம் நில்லாது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பது பிழை. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' என்பதே சரி. 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்று நனைந்த தரையைப் பார்த்து நாம் ஊகமாகச் சொல்வதுண்டு. அந்த 'இருக்கிறது' என்பதை நம்பி 'ஹேஸ் ரெய்ன்ட்' என்று எழுதக் கூடாது; 'இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்றே எழுத வேண்டும். 'உட்கார்ந்திருக்கிறார்', 'படுத்திருக்கிறார்' போன்றவையும் இவ்வடிவத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை இப்போதைய நிலையைக் குறிப்பதால் 'ஹி இஸ் சிட்டிங்' என்பதுபோல் வரும்.

'2015 முதல் சென்னையில் வசிக்கிறேன்' என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதை, முன்பு தொடங்கி இன்றுவரை நீள்வதால், ஆங்கிலம் 'ஐ ஹேவ் லிவ்ட் இன் சென்னை சின்ஸ் 2015' என்று சொல்லும். 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2015' என்பது நம்மவர் விண்ணப்பங்களில் தவறாமல் காணப்படும் பிழை. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்', கழிந்த அளவுக்கு 'ஃபார்': 'சின்ஸ் மண்டே', 'ஃபார் டென் இயர்ஸ்'.

'ஹேட்' சேர்ந்த வடிவம் நான் முன்பு சொன்ன ஐந்தில் இல்லை. இறந்தகாலத்தில் நடந்த இரண்டு செயல்களுள் முந்தியதைக் காட்டுவதற்கு மட்டுமே அது தேவைப்படும்: 'தி டிரெய்ன் ஹேட் லெஃப்ட் வென் வீ ரீச்ட் தி ஸ்டேஷன்'. 'போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்' என்ற தமிழ்த் தொடரின் பாதிப்பால் 'ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்' என்று சொல்வது நம்மிடையே மிகப் பரவலானது. 'ஐ வென்ட் டு மதுரை லாஸ்ட் வீக்' என்று சொன்னால் போதும்.

ஒரு பத்தியில் பயிற்சி

மேற்கண்டவற்றை ஒரு சிறு பத்தியில் பொருத்திப் பார்க்கலாம். 'என் அக்கா தஞ்சாவூரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறார். தினமும் எட்டு மணிப் பேருந்தில் போவார். நேற்று பேருந்துக்குக் காத்துக்கொண்டிருந்தபோது மழை தொடங்கியது. குடை எடுத்துப் போகவில்லை. இன்று காய்ச்சலோடு படுத்திருக்கிறார். மருத்துவரிடம் இன்னும் போகவில்லை.'

நிலையான வேலை என்பதாலும் அக்கா ஒருமை என்பதாலும் முதல் தொடர் 'மை சிஸ்டர் வர்க்ஸ் இன் எ பேங்க் இன் தஞ்சாவூர்' ஆகும். இரண்டாவதில் 'போவார்' எதிர்கால வடிவமானாலும் வழக்கத்தைச் சொல்வதால் 'ஷி டேக்ஸ் தி எய்ட் ஓ கிளாக் பஸ் எவ்ரி டே' என்று வரும். தமிழில் விடப்பட்ட எழுவாய் இங்கே திரும்பி வந்திருப்பதையும் காணலாம். மூன்றாவதில் நீண்ட செயலும் குறுக்கிட்ட செயலும் உள்ளன: 'யெஸ்டர்டே இட் ஸ்டார்டட் டு ரெய்ன் வைல் ஷி வாஸ் வெய்ட்டிங் ஃபார் தி பஸ்'. நான்காவதன் உடன்பாடு 'எடுத்துப் போனாரா' என்பது. ஆகவே 'ஷி டிட் நாட் டேக் அன் அம்ப்ரெல்லா'. ஐந்தாவது நிலையைக் குறிப்பதால் 'டுடே ஷி இஸ் இன் பெட் வித் எ ஃபீவர்'. ஆறாவதன் உடன்பாடு 'போய்விட்டாரா' என்பதால் 'ஷி ஹேஸ் நாட் கான் டு தி டாக்டர் யெட்'. அவர் இன்று மாலை போய்வந்துவிட்டால், நாளை இதே செய்தியைச் சொல்லும்போது நேரம் முடிந்துபோனதாகிவிடும். அப்போது 'ஹேஸ்' விலகி, 'ஷி வென்ட் டு தி டாக்டர் யெஸ்டர்டே ஈவினிங்' என்று தொடர் மாறும்.